பழைய பெட்போர்டுக்கு இசுசு எஞ்சின்: வாங்கலாம், ஆனால் பிரேக்கையும் சேர்த்து

பெட்போர்ட் டீஜே லொறி 1958இல் வந்தது. அதை வைத்திருப்பவர்கள் வேகம் வேண்டுமென்றால் முதலில் கேட்பது ரீகண்டிஷன் இசுசு 4பீடீ1 எஞ்சினும் அதோடு வரும் ஐந்து கியர் பொக்ஸும்தான். எஞ்சினில் குறை சொல்ல அதிகமில்லை. நான்கு சிலிண்டர், 102 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 118 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் போகும் தூரம்), 3.9 லீட்டர், நேரடி இன்ஜெக்ஷன். பழைய ஆறு சிலிண்டர் டீசலை விட நீளம் குறைவு, முன் அச்சில் பாரமும் குறைவு. குறை இருப்பது எஞ்சினையும் கியர் பொக்ஸையும் மட்டும் இறக்கிப் பூட்டி "வேலை முடிந்தது" என்று சாவியைக் கொடுப்பதில்தான்.

எவ்வளவு வேகம் கிடைக்கும் என்பதை டிபரன்ஷல், அதாவது பின் அச்சின் நடுவிலுள்ள பல்சக்கரத் தொகுதிதான் தீர்மானிக்கிறது. பின் அச்சை ஜாக்கியில் தூக்கி, இரண்டு சில்லுகளையும் ஒன்றாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். புரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்றுச் சுற்றுகிறதோ அதுதான் விகிதம். அது 6 என்றும், 8.25-20 டயர் ஒரு சுற்றுக்கு 2.95 மீற்றர் போகிறது என்றும் வைத்தால், எஞ்சினின் நிமிடத்துக்கு 2400 சுற்றில் நேர் கியரில் (ஷாஃப்ட் எஞ்சினின் அதே வேகத்தில் சுற்றும் கியர்) மணிக்கு 71 கி.மீ. வரும். ஐந்தாம் கியர் 0.8 என்றால் அதே சுற்றில் 88. கந்தளாய் வீதியில் நெல் ஏற்றிப் போகிற லொறிக்கு 70 தாராளம். அந்த ஐந்தாம் கியரை எஞ்சினின் சத்தத்தையும் டீசலையும் குறைக்கப் பயன்படுத்துங்கள். இன்னும் வேகம் வேண்டுமென்று டிபரன்ஷலை மாற்றவே வேண்டாம், மாற்றினால் பாரத்தோடு எடுக்கும்போது கிளச் எரியும்.

50இல் ஓடிய லொறி 70இல் ஓடினால், நிறுத்தும்போது பிரேக் தாங்க வேண்டிய சக்தி ஏறத்தாழ இரண்டு மடங்கு. பழைய பெட்போர்டில் இருப்பதோ ஒற்றைச் சுற்றுப் பிரேக். எங்காவது ஒரு பைப் வெடித்தால் நான்கு சில்லிலும் பிரேக் இல்லை. திருகோணமலையின் உப்புக் காற்றில் செசிக்கு அடியில் போகும் இரும்புப் பைப் அரித்துக்கொண்டிருக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. ஆகவே பிரேக்கை இரண்டு தனிச் சுற்றாகப் பிரிக்கும் இரட்டை மாஸ்டர் சிலிண்டர் கட்டாயம். அதன் போர் சில்லுச் சிலிண்டர்களுக்குப் பொருந்த வேண்டும்: சிறிதானால் பெடல் தரையைத் தொடும், பெரிதானால் மிதிக்க முடியாத அளவு இறுகும். பைப்பைச் செம்பு-நிக்கல் கலவையில் போடுங்கள். பெட்போர்டின் மரை அங்குல அளவு, இசுசுவின் மரை மில்லிமீற்றர். இரண்டு சுற்று ஏறிவிட்டதே என்று ஸ்பானர் போட்டு முறுக்கினால் அன்றைக்குக் கசியாது, பாரம் ஏற்றி அழுத்தி மிதிக்கும் நாளில் கழன்று வரும். ஒரே அச்சின் இரண்டு டிரம்களையும் லேத்தில் ஒரே விட்டத்துக்குக் கடையாவிட்டால் லொறி ஒரு பக்கம் இழுக்கும். பிரேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சும், கடலோரத்தில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றுங்கள்.

டீசல் எஞ்சின் தானாக வக்கியூம் (காற்றை உறிஞ்சும் இழுவை) தராது. பெடல் மிதிக்கு உதவும் பிரேக் பூஸ்டருக்கு வக்கியூம் தரும் பம்ப் இந்த எஞ்சினில் டைனமோவின் பின்புறம் இருக்கிறது, அதற்கு எஞ்சின் ஒயில் போய் வருகிறது. திரும்பும் ஹோஸ் மடிந்தால் ஒயில் பூஸ்டருக்குள் ஏறும். போகும் ஹோஸ் வெடித்தால் எஞ்சினில் ஒயில் வற்றி கிராங்கே பிடித்துவிடும். பழைய ஹோஸோடு வருவதை அப்படியே பூட்டவிடாதீர்கள்.

ஸ்டியரிங்கில் பவர் யூனிட் போடுவதற்கு முன் கிங் பின்னை, அதாவது முன் சில்லு இடம் வலம் திரும்பும் ஆணியைப் பாருங்கள். முன் சில்லைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது இன்னொருவர் பிரேக்கை மிதிக்க வேண்டும். மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின் அல்லது புஷ். தேய்ந்த கிங் பின்னுக்கு மேல் பவர் ஸ்டியரிங் போட்டால் கை இலகுவாகும், லொறி அலைவது மட்டும் நிற்காது. ஒரே அச்சில் ரேடியலும் பழைய துணி டயரும் கலக்கக் கூடாது. இரண்டு ரேடியல்தான் வாங்க முடியுமென்றால் அவை பின்னுக்கு.

எஞ்சின் கட்டையானதால் ரேடியேட்டருக்கும் விசிறிக்கும் இடைவெளி விழும். கூண்டு அடித்து மூடாவிட்டால் ஹபரணைக்குப் போகும் வழியிலேயே கொதிக்கும். மவுண்டிங்கை செசியின் மேல் கீழ் விளிம்பில் வெல்டிங் செய்ய விடாதீர்கள், அங்கேதான் வெடிப்பு ஆரம்பிக்கும். நடுச் சுவரில் துளையிட்டு 8.8 தர போல்ட் போடச் சொல்லுங்கள். புரொப்பல்லர் ஷாஃப்டை வெட்டி ஒட்டினால் இரு முனை யோக்கும் (மூட்டைப் பிடிக்கும் கவை) ஒரே கோட்டில் இருக்க வேண்டும், பலன்சும் பார்க்க வேண்டும். இல்லையேல் 60 தாண்டியதும் கபினே நடுங்கும்.

மின்சாரத்தில் ஒரு பொறி உண்டு. லொறி 12 வோல்ட், எஞ்சின் பெரும்பாலும் 24 வோல்ட்டில் வரும். இரண்டு பற்றரியில் ஒன்றிலிருந்து மட்டும் லைட்டுக்கும் ஹோர்னுக்கும் வயர் இழுத்தால் அது சார்ஜ் குறைந்தும் மற்றது அளவு மிஞ்சிக் கொதித்தும் இரண்டும் போகும். கன்வேர்ட்டர் போடுங்கள், அல்லது எல்லா பல்ப்பையும் ஹோர்னையும் 24க்கு மாற்றுங்கள். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் இரவில் யானை கடக்கும், அங்கே மங்கின ஹெட்லைட்டோடு 70இல் போகவே கூடாது.

எங்கள் தீர்ப்பு: எஞ்சினும் கியர் பொக்ஸும் வாங்கத் தகுந்தவை. பிரேக்கும் கிங் பின்னும் சேராத விலையைச் சொல்கிறவரிடம் வேலையைக் கொடுக்க வேண்டாம். எஞ்சின் இலக்கத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவுப் புத்தகத்தில் மாற்ற வேண்டியிருக்கும், இறக்குமதிப் பத்திரத்தின் பிரதியைக் காசு கொடுக்கும்போதே கேட்டு வாங்குங்கள்.