சமன்பாடா, ஏஜென்டா? நுரையீரல் மாடலுக்கு எது சரி?

காரைக்குடியில் பயோஇன்ஃபர்மேடிக்ஸ் படிக்கும் அக்கா மகள், நாள்பட்ட நுரையீரல் நோயில் நோய் எதிர்ப்புச் செல்கள் செய்வதைக் கணினியில் எப்படி ஓட்டிப் பார்ப்பது என்று ஒரு வாரமாக என்னைக் குடைகிறாள்.

அதற்கு இரண்டு வழி உண்டு. வளவு வீட்டுக் கல்யாணத்தை நினைத்துக்கொள்ளுங்கள், விருந்தாளிகள்தான் செல்கள். நேரம் போகப் போக மொத்தம் எத்தனை இலை விழுந்தது என்று மட்டும் எண்ணினால் அது வகைக்கெழுச் சமன்பாடு. முகப்பில் யார், இரண்டாம் கட்டில் யார், யார் யாரோடு பேசினார் என்று ஒவ்வொருவர் பின்னாலும் போனால் ஏஜென்ட் மாடல்.

செலவு: சமன்பாட்டை ஓட்டப் பைத்தான் நிரல்மொழியும் இலவசம், ஏஜென்ட் மாடலுக்கான நெட்லோகோ மென்பொருளும் இலவசம்.

வேகம்: சிறிய சமன்பாட்டு மாடல் சாதா லேப்டாப்பில் நொடிகளில் முடியும். ஏஜென்டில் தற்செயல் கலந்திருப்பதால் பலமுறை ஓட்டித்தான் ஒரு முடிவுக்கு வர முடியும்.

இடம்: விஷயமே இங்கேதான். காசநோயில் கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜும், டி செல் என்ற இன்னொரு எதிர்ப்புச் செல்லும் கிருமியைச் சுற்றிக் கட்டும் கிரானுலோமா என்ற கட்டியில் யார் உள்ளே, யார் வெளியே என்பது முக்கியம். இந்தக் கிரானுலோமாவைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கிரான்சிம் மாடல் ஏஜென்ட் வகைதான். சாதாரணச் சமன்பாட்டுக்கு எல்லாச் செல்லும் ஒரே அண்டாவில் கலக்கிய குழம்பு.

தரவோடு பொருத்துவது: சமன்பாடு எளிது, ஏஜென்ட் படுத்தி எடுக்கும்.

விறகுப் புகையால் வரும் சிஓபிடி என்ற நாள்பட்ட மூச்சடைப்பு நோயில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணு கூடக் கூட, அது விடும் எலாஸ்டேஸ் நொதி நுரையீரலின் நெகிழ்வு நாரை அரிக்கும். சளி மாதிரியில் கிடைத்த எண்ணிக்கை மட்டும் கையில் இருந்தால் சமன்பாடு போதும். திசுப் படங்களும் நேரமும் இருந்தால் ஏஜென்ட். அவளுக்கு இருப்பது மூன்றே மாதம், சமன்பாடுதான் என்று சொல்லிவிட்டேன்.