இரண்டாவது பேஸ்மேக்கர்: பற்றரி மாற்றப் போன கதை

இதயத்தைச் சரியாகத் துடிக்க வைக்கும் கருவியான பேஸ்மேக்கரை எனக்கு முதலில் 2014 மார்ச்சில் வைத்தார்கள். அப்போது எனக்குப் பயப்பட நேரமே கிடைக்கவில்லை. கொழும்பு வெள்ளவத்தைச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றவள் விழுந்தேன், கண் முழித்தால் ஆஸ்பத்திரி, நாடி 35, கம்ப்ளீட் ஹார்ட் புளொக், அதாவது இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்சைகை போகவில்லை என்றார்கள், மறுநாளே இடது தோளுக்குக் கீழே கருவி. சம்மதக் கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை தெரியாது.

பிறகு 10 வருசம் அதோடு வாழ்ந்ததில் பெரிய குறை சொல்ல ஒன்றுமில்லை. போனை வலது காதில் வைத்துப் பேசுவேன், சட்டைப் பையில் வைக்க மாட்டேன், கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பேஸ்மேக்கர் அட்டையைக் காட்டுவேன், அவ்வளவுதான். தொல்லை என்றால் சின்னச் சின்னது. பிரா பட்டி சரியாக அந்த மேட்டில்தான் உரசும். காரில் முன்சீட்டில் இருந்தால் பெல்ட்டும் இடது தோளால்தான் வரும், நான் ஒரு சின்னத் துவாயை மடித்து இடையில் வைத்துக்கொள்வேன். பெண்களுக்கு இதையெல்லாம் டொக்டர்மார் சொல்ல மாட்டார்கள், கேட்டால்தான் வரும்.

2024 தொடக்கத்தில் படி ஏறினால் மூச்சு வாங்கியது. வயதாகிறது என்று விட்டுவிட்டேன். கிளினிக்கில் பேஸ்மேக்கரைச் சோதிக்கும் கருவியை நெஞ்சின் மேல் வைத்துப் பார்த்த பிள்ளை, தலை நிமிராமலே, "பற்றரி முடியுது அன்ரி, மாத்தோணும்" என்றான். ஏதோ சுவர் மணிக்கூட்டுக்குச் சொல்வதுபோல. எனக்குக் கால் குளிர்ந்துவிட்டது. அவன் சொல்லாமல் விட்டதை டொக்டர்தான் பிறகு விளக்கினார்: "மாற்ற வேண்டிய நேரம்" என்று கருவி காட்டினால் அன்றைக்கே நின்றுபோகும் என்று அர்த்தமில்லையாம், அதன் பிறகும் ஏறக்குறைய மூன்று மாதம் ஓடக்கூடிய இருப்பு வைத்துத்தான் அந்த அறிவித்தல் வருமாம். என் கருவி பற்றரியைச் சேமிக்கத் தானாகவே ஒரு சிக்கன முறைக்குப் போய், மேலறையைக் கவனிக்காமல் நிமிடத்துக்கு 65 என்று கீழறையை மட்டும் தட்டிக்கொண்டிருந்திருக்கிறது. மூச்சு வாங்கியதற்குக் காரணம் அதுதான்.

திகதி கிடைக்க மூன்று கிழமை. அந்த மூன்று கிழமையும்தான் ஒப்பரேஷனைவிடக் கஷ்டம். ராத்திரி இரண்டு மணிக்கு எழும்பி நாடி பிடித்துப் பார்ப்பேன். யூடியூப்பில் வெட்டுகிற வீடியோ பார்த்தேன், பார்த்திருக்கக் கூடாது. யாழ்ப்பாணத்திலிருந்து தங்கச்சி தினமும் எடுத்து "அக்கா பயப்பிடாதேங்கோ" என்று சொல்லிச் சொல்லியே அழுவாள், அவளைத் தேற்றுவது என் வேலையாகிவிட்டது. இதற்குள் முதல் கொடுத்த திகதியில் காலையிலிருந்து பச்சைத்தண்ணி பல்லில் படாமல் போய் உட்கார்ந்திருந்து, பின்னேரம் "இன்றைக்கு இல்லை" என்று திருப்பி அனுப்பினார்கள். ஆஸ்பத்திரிப் பெயர் வேண்டாம், ஆனால் அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.

எனக்கு உண்மையில் உதவியது ஒரு பழைய கொப்பித் தாள். பயத்தைப் பொத்தாம்பொதுவாக வைத்திருக்காமல் கேள்வியாக எழுதச் சொன்னது இவர், என் வீட்டுக்காரர்தான். ஏழு கேள்வி எழுதினேன். நித்திரை கெடுத்தது ஒன்றே ஒன்று: பழையதைக் கழற்றிப் புதியதைப் பூட்டும் அந்த இடைவெளியில் என் இதயம் என்ன செய்யும்? வெட்கத்தை விட்டுக் கேட்டேன். டொக்டர் சிரிக்கவில்லை. கருவியை வேகம் குறைத்து என் சொந்தத் துடிப்பு எவ்வளவு வருகிறது என்று முதலில் பார்ப்பார்களாம், போதாதென்றால் தற்காலிகமாகத் துடிக்க வைக்க வேறு வழி ஆயத்தமாக இருக்குமாம், கருவியிலிருந்து இதயத்துக்குப் போகும் வயரைக் கழற்றிப் பூட்டுவது சில விநாடி வேலையாம். பற்றரியை மட்டும் ஏன் மாற்ற முடியாது என்றும் கேட்டேன், அது டைட்டேனியம் கூட்டுக்குள் முழுதாக அடைத்துச் செய்யப்படுவதால் பெட்டியையே மாற்ற வேண்டும், வயர்கள் நன்றாயிருந்தால் அப்படியே இருக்கும். அன்றிரவுதான் ஒழுங்காகப் படுத்தேன்.

கனடாவிலிருக்கும் மகள் இன்னொன்று அனுப்பினாள். உலகத்திலேயே முதன்முதலாக உடலுக்குள் பேஸ்மேக்கர் வைக்கப்பட்டவர் ஆர்னே லார்சன் என்ற சுவீடன்காரர், 1958 இல், ஸ்டொக்ஹோமில். முதல் கருவி சில மணித்தியாலம்தான் வேலை செய்ததாம். அந்த மனுசன் வாழ்நாளில் 26 கருவி மாற்றி, 2001 இல் 86 வயதில் தோல் புற்றுநோயில் இறந்தார், இதயத்தால் அல்ல. இவர் அதை வாசித்துவிட்டு, "இருபத்தாறு! நீர் இரண்டுக்கே இந்தப் பாடு, பேசாமல் படும்" என்றார்.

அந்த நாளைப்பற்றி: சீனிக் குளிசையை விடுவதா குடிப்பதா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து குடிப்பவர்கள் தாங்களாக நிறுத்த வேண்டாம், பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் வார்ஃபரினை நிறுத்திவிட்டு வந்து நல்ல பேச்சு வாங்கினார். எனக்கு மூடின துணிதான் எமன். முகத்துக்கு மேலால் பச்சைத் துணி வந்ததும் மூச்சு முட்டியது. "மிஸ், எனக்குப் பயமாயிருக்குது" என்று பக்கத்தில் நின்ற தாதியிடம் அரைகுறைச் சிங்களத்தில் சொன்னேன், அவ துணியைக் கொஞ்சம் தூக்கிக் கட்டி வெளிச்சம் வரவிட்டா, என் கையைத் தொட்டபடி நின்றா. விறைப்பூசி எரியும். பிறகு நோவு இல்லை, ஆனால் பழைய தழும்புக்குள்ளிருந்து கருவியைப் பிடுங்கும்போது இழுப்பதும் அமுக்குவதும் நன்றாகவே தெரியும், இதை ஒருவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. "இப்ப மாத்துறம்" என்றார் டொக்டர். ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினேன். லேசாகத் தலை மிதந்தது. ஐந்துக்குப் போக முதல் "சரி" என்றார். முழுதும் ஒரு மணித்தியாலம்கூட இல்லை.

முதல் தடவை கையைத் தூக்காதே என்று கிழமைக்கணக்கில் கட்டுப்பாடு, இம்முறை வயர்கள் ஏற்கெனவே இதயத்தோடு ஒட்டிப்போய்விட்டதால் அவ்வளவு இல்லை. காயத்தை நனையாமல் வைத்திருப்பதில்தான் கண்டிப்பு, மாற்றும்போது கிருமி தொற்றும் வாய்ப்பு முதல் தடவையைவிடக் கூடவாம், சிவந்தாலோ நீர் கசிந்தாலோ உடனே வரச் சொன்னார்கள். பத்தாம் நாள் மரீன் டிரைவில் நடந்தேன், மூச்சு வாங்கவில்லை.

ஒன்றரை வருசமாகிறது. போன கிளினிக்கில் பற்றரி இன்னும் 11 வருசம் என்று காட்டியது, கணக்குப் பார்த்தால் எனக்கு அப்போது 73. சுடுகாட்டுக்குக் கொண்டுபோக முதல் இதைக் கழற்றிவிட வேண்டும், சூட்டில் வெடிக்கும் என்று மகளிடம் சொல்லிவைக்கப் போனேன். போனை வைத்துவிட்டாள். இவரிடம்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன், கிளினிக் கொப்பியின் பின்மட்டையில்.