மூணாறில் இரண்டு நாள் புவி அறிவியல் களவகுப்பு: ஓர் ஆசிரியையின் மதிப்பீடு

மூணாறு வட்டாரத் தமிழ்வழிப் பள்ளியொன்றில் அறிவியல் கற்பிக்கும் நான், ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் 32 பேருடன், ஒரு தனியார் கல்விக் குழு நடத்திய களவகுப்புக்குக் கடந்த மாதம் சென்று வந்தேன். பாடநூல் புவியின் அடுக்குகளில் தொடங்கும். இந்தக் குழுவினரோ, 2020 ஆகஸ்ட் 6 அன்று இரவு பெட்டிமுடியில் தோட்டத் தொழிலாளர்களின் லயங்களை (வரிசை வீடுகளை) மூடி 70 உயிர்களைப் பறித்த உருள்பொட்டலில் (நிலச்சரிவில்) தொடங்கினார்கள்.

உள்ளிறங்கும் மழைநீர் அடியிலுள்ள பாறையைத் தாண்ட முடியாமல் மண்ணுக்குள் தேங்கி, துகள்களின் பிடியைத் தளர்த்துவதை விளக்கிய விதம் சிறப்பாக இருந்தது. ஒரு ஹெக்டேர் சரிவில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் நீரின் எடை 1,000 டன் என்று மாணவர்கள் தாங்களே கணக்கிட்டுக் கண்டபோது, வகுப்பில் சிறிது நேரம் பேச்சே எழவில்லை. ஆனால் புல் வளர்ந்த தட்டிலும் வெறும் மண் தட்டிலும் நீர் ஊற்றிக் காட்டிய சோதனை மேற்பரப்பு மண்ணரிப்பை மட்டுமே காட்டும். வேர் எட்டாத ஆழத்தில் மண் பெயர்வது வேறு என்பதையும் பயிற்றுநர் சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டாம் நாள் சோலைக்காட்டின் ஓரத்தில் கழிந்தது. 1875இல் ஆஸ்திரியப் புவியியலாளர் எடுவர்ட் சூயஸ் உயிர்க்கோளம் என்ற சொல்லைப் படைத்ததையும், உயிர்களே புவியின் மேற்பரப்பை மாற்றும் ஆற்றல் என்று 1926இல் ரஷ்ய அறிவியலாளர் வெர்னாட்ஸ்கி விரித்து எழுதியதையும், கையில் ஒரு பிடி மண்ணை வைத்துக்கொண்டே கேட்டோம். பாறையை வேரும் நுண்ணுயிரும் கரைத்து மண்ணாக்குகின்றன என்பதை நான் பல ஆண்டுகள் கற்பித்திருந்தும், மாணவர்கள் அதை நம்பிக் கேட்டதை அன்றுதான் கண்டேன்.

ஒரு குறையை நான் எளிதாகக் கடந்துவிட முடியாது. பெட்டிமுடியில் உறவினரை இழந்த மாணவி ஒருத்தி எங்களுடன் இருந்தாள். படங்களைத் திரையிடுமுன் எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவள் எழுந்து வெளியே சென்றுவிட்டாள். நடப்புச் சிக்கலிலிருந்து பாடம் தொடங்குவது சரியான வழியே, ஆனால் இந்த மலையில் அந்தச் சிக்கல் யாரோ ஒருவரின் வீடு என்பதை மனத்தில் வைத்துத்தான் தொடங்க வேண்டும். செயல்தாள்கள் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருந்ததால், இரவில் நானே தமிழாக்கினேன்.

அவர்கள் தந்துவிட்டுப் போன மழைமானியை இப்போது அந்த மாணவிதான் தினமும் காலை 8.30 மணிக்குப் பார்த்து, பள்ளிச் சுவரில் அளவை எழுதிவருகிறாள்.