பேச்சு வராதவருக்கு யார் பேசுவது: மகனா, அட்டையா, கைப்பேசியா?

பக்கவாதத்தில் பேச்சு போய்விட்டால், செட்டிநாட்டு வீடுகளில் யோசிக்காமலே ஓர் ஏற்பாடு அமைந்துவிடும். பக்கத்தில் இருக்கிறவர் பேசுவார். ஆச்சியோ, மகனோ, பார்த்துக்கொள்ள வந்திருக்கும் அம்மாவோ. இதில் வேகம் அதிகம். காரைக்குடியில் டாக்டரிடம் மாத்திரை விவரம் சொல்ல இதைவிட நல்ல வழி கிடையாது.

சிக்கல் அடுத்த கேள்வியில்தான். "எங்க வலிக்குது ஐயா?" என்பார் டாக்டர். பெரியவர் இடது கையால், விழுந்துபோன வலது தோளைத் தடவிக்கொண்டிருப்பார். "முழங்கால்தான் சார், ரொம்ப நாளா" என்று மகன் முந்திக்கொள்வார். சிங்கப்பூரிலிருந்து வாட்ஸப் வீடியோவில் பேசும் பிள்ளை இன்னும் மோசம். அவருக்கு அந்தத் தோளே தெரியாது.

அந்தக் காலத்தில் வட்டிக்கடையைப் பார்த்துக்கொள்ள ரங்கூனுக்கு ஏஜெண்டை அனுப்பிய செட்டியார்கள் அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள், 3 வருஷத் தவணை முடிந்து வந்ததும் உட்காரவைத்துக் கணக்கும் பார்த்தார்கள். வீட்டுக்குள் பெரியவருக்காகப் பேசுகிற ஏஜெண்டிடம் யார் கணக்குக் கேட்கிறார்கள்?

வேண்டியதைப் பெரியவரே தொட்டுக் காட்டுகிற, படம் ஒட்டிய அட்டைக்குச் செலவே இல்லை. தண்ணீர், கழிப்பறை, ஃபேன், உடம்புப் படம் ஒன்று, வீட்டு ஆட்களின் போட்டோ. 'நீ சொல்றது தப்பு' என்று ஒரு கட்டமும் அவசியம்; பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். அட்டை மெதுவானது, கேட்பவருக்குப் பொறுமை போய்விடும். இந்த நோயில் சிலருக்கு ஆமாம், இல்லை என்பதே மாறி வரும். அதனால் "காபியா?" என்றதற்குத் தலையாட்டினால் "அப்ப டீ வேணாமா?" என்று திருப்பியும் கேட்க வேண்டும்.

கைப்பேசி ஆளைப் பொறுத்தது. தொண்டைப் புற்றுநோயில் குரல்வளையை எடுத்தவருக்கு அருமையாக உதவும்; தட்டினால் தமிழிலேயே வாசித்துக் காட்டிவிடும். பக்கவாதத்தில் மூளையின் இடப்பக்கம் அடிபட்டு மொழியே குலைந்தவருக்கு எழுத்தும் சேர்ந்து போயிருக்கும். "எழுதிக் காட்டுங்க" என்று பேனாவைத் திணிப்பது வதை. சென்னையில் உருவான ஆவாஸ் மாதிரி, படத்தைத் தொட்டால் பேசும் செயலி அவருக்கு ஒத்துவரலாம். ஆனால் தொடுதிரைக்கே பழகாதவரிடம் முதலில் அட்டையைக் கொடுப்பதுதான் சரி.

இன்னொன்று. தண்ணீர் என்று கேட்க முடியாதவர் தேவாரத்தை மட்டும் தடங்கலில்லாமல் பாடுவார். "பாட்டு வருது, பேசத்தான் அடம்" என்று வீட்டில் கோபப்படுவார்கள். அடமில்லை. பழகிய பாட்டு மூளையில் வேறு வழியாக வருகிறது.

என் ஓட்டு அட்டைக்கு. மாத்திரை, பழைய ரிப்போர்ட்டுக்கு மட்டும் மகன். அவரும் பெரியவரைப் பார்த்துக் கேட்டுவிட்டுத்தான் டாக்டரிடம் திரும்ப வேண்டும். வங்கிக்கும் உடனே மகன் பெயரில் பத்திரம் எழுத ஓட வேண்டியதில்லை. கையெழுத்துப் போட முடியாதவர் கைரேகை வைக்கலாம், அதுவும் முடியாவிட்டால் கால் விரல் ரேகை. சாட்சிக்கு இரண்டு பேர், அதில் ஒருவர் வங்கி அதிகாரி. ரிசர்வ் வங்கியே அனுமதித்த முறை இது. கவுண்டரில் தெரியாது என்றால் மேலாளரிடம் போய்க் கேளுங்கள்.