தராசு கேட்டேன், வாத்து வந்தது

பலகாரம் போட்டு விற்கிறவளுக்குக் கைதான் முதல் தராசு. மாவை அள்ளும்போதே கால் கிலோவா, சற்றுக் கூடவா என்று எனக்குத் தெரிந்துவிடும். அப்படிப்பட்டவள் பஞ்சு போல இருந்த ஒரு பெட்டியை எடை மெஷின் என்று வாங்கி வைத்தேன். காரணம், அன்றைக்கு அதை நான் தூக்கவே இல்லை.

காரைக்குடிக்குப் பக்கத்தில், பள்ளத்தூரில் எங்கள் வீட்டு இரண்டாம் கட்டில்தான் அடுப்பு. மணகோலம், தேன்குழல், சீப்புச் சீடை, மாவுருண்டை எல்லாம் ஆர்டரின் பேரில் போட்டுக் கொடுப்பேன். ஆடிக் கடைசியில் பழைய தராசு கண்ணை மூடிவிட்டது. ஆவணி முகூர்த்தத்துக்கு நாற்பது கிலோ முறைப் பலகாரம் ஒப்புக்கொண்டிருந்தேன். பெங்களூரில் இருக்கும் மகன், "ஆத்தா, காரைக்குடிக்கு எதுக்கு அலையிறீக, ஆப்ல போடுங்க, நாலு நாள்ல வந்துரும்" என்றான். முப்பது கிலோ வரை நிறுக்கிற மேஜைத் தராசு, எவர்சில்வர் தட்டு, விலை 2,849 ரூபாய். அதோடு பிளாட்ஃபார்ம் கட்டணம் என்று 7 ரூபாய். மொத்தம் 2,856, ஜிபேயில் முன்பணமாகவே கட்டினேன்.

எந்த நிறுவனம் என்று எழுதவில்லை. உங்கள் போனிலும் என் போனிலும் இருக்கிற ஆப்தான். வேறு ஆப்பில் வாங்கியவர்களும் இதே கதையைத்தான் சொல்கிறார்கள். அதனால் இது கடையைப் பற்றிய விமர்சனம் என்பதைவிட, பணத்தைத் திருப்பித் தரும் அவர்களுடைய சேவையைப் பற்றிய விமர்சனம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை மதியம் பெட்டி வந்தது. எண்ணெயில் தேன்குழல், என் கையெல்லாம் மாவு. முகப்பில் நின்று, "ஆச்சி, ஓடிபி சொல்லுங்க" என்று டெலிவரித் தம்பி குரல் கொடுத்தார். போன் திண்ணையில்தான் கிடந்தது. "நீயே பாத்துக்கப்பா, பெட்டிய அங்கனயே வச்சிட்டுப் போ" என்றேன். அந்த நாலு இலக்கத்தைக் கொடுத்துவிட்டால், பொருள் ஒழுங்காக வந்து சேர்ந்தது என்று அவர்கள் கணக்கில் ஏறிவிடும். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அடுப்பை அணைத்துக் கூட்டிப் பெருக்கிவிட்டுச் சாயங்காலம் ஆறு மணிக்குப் பிரித்தேன். உள்ளே மஞ்சளாக மடித்து வைத்த பிளாஸ்டிக். விரித்தால் ஒரு கண், சிவப்பாக ஒரு மூக்கு. நீச்சல் குளத்தில் பிள்ளைகள் ஊதி மிதக்க விடுவார்களே, அந்த வாத்து. பள்ளத்தூரில் நீச்சல் குளத்துக்கு நான் எங்கே போவேன்? ஊருணி இருக்கிறது. ஆடியில் அதில் கணுக்கால் நனைந்தால் அதிகம்.

பெட்டிக்குள் ஒரு பில்லும் இருந்தது. கோயம்புத்தூர் முகவரி. அப்போதே விஷயம் புரிந்துவிட்டது. கிடங்கில் பொருளை எடுத்துப் பெட்டியில் போடுவது ஒருவர், மேலே லேபிள் ஒட்டுவது இன்னொருவர். என் லேபிள் அந்த வீட்டுப் பெட்டியில் ஏறிவிட்டது. அந்த வீட்டுப் பிள்ளை வாத்துக்குக் காத்திருந்து, தராசைப் பார்த்து என்ன பாடு படுத்தியதோ.

அன்று ராத்திரியே ஆப்பில் ரிட்டர்ன் போட்டேன். 'தவறான பொருள் வந்தது' என்ற காரணத்தைத் தொட்டு, நாலு படம் ஏற்றி, மாற்றுப் பொருள் வேண்டாம், பணம் போதும் என்று கொடுத்தேன். அஞ்சு நிமிட வேலை. இந்த இடம் வரைக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏழு நாள் கெடு இருந்ததால், முதல் நாளே போட்டதும் நல்லதாகப் போயிற்று.

சனிக்கிழமை எடுக்க வருவதாகச் செய்தி வந்தது. நாள் முழுக்க வீட்டிலேயே இருந்தேன். சாயங்காலம், 'வாடிக்கையாளர் வீட்டில் இல்லை' என்று போட்டுவிட்டார்கள். எங்கள் பக்கத்து வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முகப்பு ஒரு தெருவில் இருக்கும், பின்கட்டு அடுத்த தெருவில் போய் முடியும். மேப்பில் இருக்கிற ஊசி எங்கள் வீட்டுப் பின்கதவில் குத்தியிருக்கிறது. வந்த பையன் பூட்டிய பின்கதவைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறான். இதில் அவனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

திங்கட்கிழமை வந்தவர் சரியாக முகப்புக்கே வந்தார். போனை எடுத்தார், வாத்தைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார்.

"ஆச்சி, ஆப்ல தராசு படம் காட்டுது. நீங்க வாத்து குடுக்குறீக."

"தராசு வரலைன்னுதானப்பா திருப்பிக் குடுக்குறேன்."

"படமும் பொருளும் ஒண்ணா இருந்தாத்தான் டிக் போட முடியும். இத எடுத்துட்டுப் போனா என் சம்பளத்துல பிடிச்சிருவாக."

இந்தச் சேவையில் இருக்கிற பெரிய ஓட்டை இதுதான். தவறான பொருள் வந்தால் திருப்பிக் கொடுக்கலாம் என்று ஆப் சொல்கிறது. எடுக்க வருகிறவரிடம், சரியான பொருளாக இருந்தால் மட்டும் எடு என்று அதே ஆப் சொல்கிறது. வராத தராசை நான் எங்கிருந்து கொடுப்பேன்? அவருக்கு ஒரு டம்ளர் மோரும் நாலு தேன்குழலும் கொடுத்து அனுப்பினேன். பாவம், வெயிலில் வந்தவர். புதன்கிழமை என் ரிட்டர்ன் மூடப்பட்டது.

அப்புறம் சாட். முதலில் இயந்திரம் பேசியது, அதைத் தாண்டி ஒரு பெண் பேசினார். எதைச் சொன்னாலும் 'உங்கள் சிரமத்தைப் புரிந்துகொள்கிறோம்' என்றே பதில். கடைசியில், "பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்தீர்களா?" என்று கேட்டார். தேன்குழல் பிழிகிற கையில் வீடியோ எப்படி எடுப்பது? இல்லை என்றேன். 48 மணி நேரத்தில் விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். சனிக்கிழமை பதில் வந்தது: 'எங்கள் விசாரணையில் சரியான பொருளே அனுப்பப்பட்டுள்ளது.' என்னைப் பொய்க்காரி என்று சொல்லிவிட்டார்கள். மரியாதையான தமிழில்.

இந்த நேரத்தில் என் அயித்தான் உதவுகிறேன் என்று வந்து, அந்தக் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை எண்ணைக் கூகுளில் தேடி எடுத்துக் கொடுத்தார். கூப்பிட்டேன். எதிர்ப்பக்கம் ஒரு இனிப்பான குரல். பணம் உடனே வந்துவிடும், ஒரு ஆப் இறக்குங்கள், அப்புறம் ஜிபேயைத் திறந்து பின் நம்பரைப் போடுங்கள் என்றது. பின் என்றதும் வைத்துவிட்டேன். பணம் நமக்கு வர பின் நம்பர் எதற்கு? பணத்தை அனுப்பத்தான் பின் வேண்டும். ரீஃபண்டுக்காகத் தவித்துக்கொண்டிருப்பவர்களைக் குறிவைத்தே இந்தக் கூட்டம் போலி எண்களைப் போட்டு வைத்திருக்கிறது. எண் வேண்டுமென்றால் ஆப்புக்குள்ளேயே எடுங்கள். அப்படி ஏமாந்து பணம் போய்விட்டால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைத் தாமதிக்காமல் கூப்பிடுங்கள்.

சனி ராத்திரி பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு பார்த்தபடியே இருந்தேன். அப்போதுதான் லேபிளில் ஒரு வரி கண்ணில் பட்டது. ஆர்டர் எண்ணுக்குக் கீழே, பொடி எழுத்தில், எடை 3.900 கிலோ.

தூக்கிப் பார்த்தேன். இப்போதுதான் முதல் தடவையாகத் தூக்குகிறேன். அரை கிலோவுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான்.

காலையில் வாத்தை வந்தது போலவே மடித்து, பில்லோடு பெட்டிக்குள் வைத்து, மளிகைக் கடைக்காரரிடம் கொண்டுபோனேன். தராசு இல்லாத அந்த நாட்களில் ராத்திரி கடை அடைத்த பிறகு அவர் தராசில்தான் பலகாரம் நிறுத்துக்கொண்டிருந்தேன். அவர் தராசு, சரியாக நிறுக்கிறது என்று வருஷா வருஷம் அரசு முத்திரை போட்டது. சான்றிதழைக் கண்ணாடி போட்டுப் பிள்ளையாருக்குப் பக்கத்தில் மாட்டியிருப்பார். "வைங்க ஆச்சி, நம்ம தராசு கோர்ட்டுலயும் நிக்கும்" என்றார். 615 கிராம். பெட்டி, லேபிளின் எடை வரி, தராசின் சிவப்பு எண்கள், முத்திரை நான்கும் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி எடுத்தேன். பிறகு வாத்தை மட்டும் தனியாக வைத்தோம், 310 கிராம்.

மகன் ஒரு விஷயம் சொன்னான். இணைய வணிகத்துக்கென்று 2020-இல் நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் வந்திருக்கின்றன. ஒவ்வொரு நிறுவனமும் குறைதீர்க்கும் அலுவலர் ஒருவரை வைத்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியே போட வேண்டும். புகார் போனால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஆப்பின் அடிப்பக்கம் வரை தள்ளிக்கொண்டு போனால் அந்த அலுவலரின் மின்னஞ்சல் முகவரி இருக்கிறது. யாரும் பார்க்காத இடமாகப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

மின்னஞ்சலில் அழவும் இல்லை, திட்டவும் இல்லை. கணக்கு மட்டும் எழுதினேன். 'உங்கள் லேபிளில் 3.900 கிலோ. என் கைக்கு வந்தது பெட்டியோடு 615 கிராம். மீதி 3 கிலோ 285 கிராம் எங்கே? வழியில் உங்கள் ஆட்கள் எடை போட்டிருந்தால் அந்தப் பதிவைப் பாருங்கள். உள்ளே இருந்த பில் வேறொருவருடையது, அவருக்கு என்ன போய்ச் சேர்ந்தது என்றும் கேளுங்கள்.' கடைசி வரியாக, தீரவில்லை என்றால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன் என்று சேர்த்தேன். வெறும் மிரட்டல் இல்லை. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. இரண்டு வருஷம் அவகாசம் உண்டு.

அதே நாள் 1915-க்கும் பேசினேன். தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுப் புகார் எண் கொடுத்தார். அவர்களால் கம்பெனிக்கு உத்தரவு போட முடியாது, புகாரை அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்கள். எது வேலை செய்தது, மின்னஞ்சலா 1915-ஆ என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. மறுநாள், புகார் கிடைத்தது என்று கம்பெனியிலிருந்து பதில் வந்தது. பெட்டி வந்த பதினாறாம் நாள் ஒருவர் கூப்பிட்டு, கிடங்கில் லேபிள் மாறியது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார். பதினெட்டாம் நாள் பணம் வந்தது.

வந்தது 2,849. ஏழு ரூபாய் வரவில்லை. பிளாட்ஃபார்ம் கட்டணம் திருப்பித் தரப்படாதாம். வாத்து அனுப்பியதற்குக் கூலி போலிருக்கிறது. ஏழு ரூபாய்க்காக இன்னொரு மின்னஞ்சல் போட்டிருக்கிறேன். வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். கிலோவுக்கு பத்து கிராம் குறைந்தால் எனக்கு போன் போடுகிற ஊர் இது. நான் மட்டும் விட்டுவிட வேண்டுமா?

நட்சத்திரம் போடச் சொன்னால், வெயிலில் அலைகிற தம்பிகளுக்கு ஐந்தும் கொடுப்பேன். ஆப்புக்கு ஒன்று, அதுவும் ரிட்டர்ன் போடுகிற இடம் சுலபமாக இருந்ததற்காக. 1915-க்கு நாலு, ஒன்றைக் குறைத்தது லைன் கிடைக்க மூன்று தடவை அடிக்க வேண்டியிருந்ததால்.

என் பக்கத்துத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஓடிபி கொடுக்கும் முன் ஒரு தடவை தூக்கிப் பார்த்திருக்கலாம். லேபிள் தெரிகிற மாதிரி ஆரம்பித்து நிறுத்தாமல் வீடியோ எடுக்க யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். வாசலிலேயே பிரித்துக் காட்டுகிற டெலிவரி இருக்கிறதா என்று ஆர்டர் போடும்போதே பார்த்திருக்கலாம். இன்னொன்று, அந்தத் தராசின் விவரத்தைப் பிறகு முழுக்க வாசித்தபோது, கடைசியில் 'வியாபாரப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று போட்டிருந்தது. சரியாக வந்திருந்தாலும் எனக்கு உதவியிருக்காது.

காரைக்குடியில் கடையிலேயே போய் வாங்கிவிட்டேன், 3,400 ரூபாய். அஞ்சு கிலோ எடைக்கல்லை வைத்துக் காட்டி, முத்திரைச் சான்றிதழையும் கையில் கொடுத்தார்கள். பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு முறை மறுமுத்திரை. நாற்பது கிலோவும் ஆவணி முதல் முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

வாத்தை இன்னும் யாரும் எடுத்துப் போகவில்லை. பக்கத்து வீட்டுப் பேத்தி தினமும் வந்து கேட்கிறாள். நம் பொருள் இல்லையே, எப்படிக் கொடுப்பது? பெட்டியோடு வீட்டுக்குள் பட்டாலையில் இருக்கிறது. போன வாரம் ஒரு செய்தி வந்தது: 'உங்கள் ரிட்டர்ன் நாளை எடுக்கப்படும், பொருளைத் தயாராக வைத்திருக்கவும்.' முகப்புக் கதவு, பின்கதவு இரண்டையும் திறந்தே வைத்திருந்தேன். யாரும் வரவில்லை.