வங்காளக் கையெழுத்தைக் கணினியிடம் படிக்கக் கொடுத்த அனுபவம்

கல்யாணமாகி கொல்கத்தா வந்த பிறகு, கணவர் வீட்டுப் பழைய கடிதங்களையும் கணக்கு நோட்டுகளையும் தட்டச்சு செய்யும் வேலை என்னிடம் வந்தது. கையெழுத்தைப் படிக்கும் மென்பொருள்களோடு சில வருடங்களாகவே மல்லுக்கட்டுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எது எங்கே இருக்கிறது என்று தேட இவை அருமை. ஆனால் வந்ததை அப்படியே நம்பிப் பதிப்பிக்க முடியாது.

அச்சு வங்காளத்தில் இந்தத் தொல்லை குறைவு. இந்தியப் புள்ளியியல் கழகத்தின் பி. பி. சௌதுரியும் உமாபதா பாலும் 1998இலேயே அச்செழுத்தைப் படிக்கும் முழு முறையை வெளியிட்டுவிட்டார்கள். அச்சில் எழுத்துகளின் தலைமேல் ஓடும் மாத்ரா கோடு நேராக இருக்கும். அதைக் கண்டுபிடித்து நீக்கினால் எழுத்துகள் பெரும்பாலும் தனித்தனியாகப் பிரிந்துவிடும். கையால் எழுதுகிறவர்கள் அந்தக் கோட்டைச் சாய்ப்பார்கள், நடுவில் விடுவார்கள், அவசரத்தில் போடவே மாட்டார்கள். உடனே ஒரு சொல் இரண்டாக உடைந்து வரும். கோடு போட்ட நோட்டு என்றால் இன்னும் மோசம். நோட்டின் கோட்டையே மாத்ரா என்று எடுத்துக்கொள்கிறது. கறுப்பு மையில் எழுதியிருந்தால், ஸ்கேன் செய்த பிறகு நீல நிறத்தை மட்டும் நீக்கிவிட்டுக் கொடுங்கள், நல்ல வித்தியாசம் தெரியும். நீல மை என்றால் அந்த வழியும் இல்லை.

எனக்கு அதிகம் வேலை வைப்பது ஒரு சின்னப் புள்ளி. வங்காளத்தில் 'ப'வுக்கு (ba) கீழே புள்ளி வைத்தால் 'ர'. மை மங்கி அந்தப் புள்ளி போய்விட்டால், இரவு என்று பொருள்படும் 'ராத்', வாதநோயைக் குறிக்கும் 'பாத்' ஆகிவிடும். இரண்டுமே சரியான சொற்கள் என்பதால் எழுத்துப்பிழை திருத்தியும் பேசாமல் இருந்துவிடும். எண்களில் இன்னும் கவனம் வேண்டும். வங்காள 4 பார்வைக்கு நம் 8 போலவும், 7 கிட்டத்தட்ட 9 போலவும் இருக்கும். ஒரே பக்கத்தில் இரண்டு வகை எண்களும் கலந்திருந்தால் 40 ரூபாய் மளிகை 80 ஆகிவிடுகிறது. கணக்கு நோட்டை இப்போது நான் கண்ணால் பார்த்தே அடிக்கிறேன்.

அப்புறம் கூட்டெழுத்துகள். 'க'வும் 'ஷ'வும் சேர்ந்தால் இரண்டின் சாயலும் இல்லாத புது உருவம் வரும். இப்படி நூற்றுக்கணக்கில் உண்டு. 2019 இறுதியில் பெங்காலி.ஏஐ குழு, கணினி நிரல் போட்டிகளுக்கான காகிள் தளத்தில் நடத்திய போட்டியில் 168 அடிப்படை வடிவங்கள், 11 உயிர்க்குறிகள், 7 மெய்க்குறிகள் என்று தனித்தனியாகக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். நல்ல முயற்சிதான். ஆனால் அங்கே கொடுத்தவை தனித்தனியாக எழுதிய எழுத்துகளின் படங்கள். என் மாமியாரின் அம்மா எழுதிய கடிதத்தில் ஒரு எழுத்தின் வால் அடுத்த எழுத்தின் வயிற்றுக்குள் போகிறது.

இத்தனைக்கும் பிறகு ஏன் விடாமல் பயன்படுத்துகிறேன் என்றால், 'பரிசால்' என்று தேடினால் குடும்பத்தின் பூர்வீக ஊரைப் பற்றிய கடிதங்களில் பல சட்டென்று வந்து நிற்கின்றன. கட்டுக் கட்டாகப் பிரித்துப் படித்திருந்தால் அதற்கே மாதங்கள் ஆகியிருக்கும். வாங்குவதற்கு முன், சந்தேகமான சொற்களைத் தனி நிறத்தில் காட்டி, பக்கத்திலேயே மூலப் படத்தையும் வைக்கும் மென்பொருளா என்று பாருங்கள். அந்த வசதி இல்லாததற்கு நான் பணம் கொடுக்க மாட்டேன்.