ஆட்டோவின் பின்சக்கரம்: டியூப் டயரா, டியூப்லெஸ்ஸா?

ஆட்டோவில் எஞ்சின், சவாரி, சாமான் எல்லாவற்றின் பாரமும் பின்சக்கரங்கள் மேல்தான். 8 அங்குல ரிம் சிறியது என்பதால் சுற்றும் அதிகம், சூடும் அதிகம். பஞ்சர் வேலையை நாமே பார்ப்பதென்றால் இரண்டில் எது தோது?

முதலில் இரண்டுக்கும் பொதுவான ஒன்று. பின்பக்கம் ஒரு சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிவிட்டால், கியரில் போட்டிருந்தாலும் வண்டி நிற்காது. பின்சக்கரங்கள் இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரென்ஷியல் என்ற பல்சக்கர அமைப்பு இருப்பதால் தூக்கிய சக்கரம் சும்மா சுற்றும், தரையில் இருப்பது உருளும். முன்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்தே ஆக வேண்டும். வண்டியைத் தூக்குவதற்கு முன்பே, சக்கரத்தை பிரேக் டிரம்மோடு பிடிக்கும் நட்டுகளை மட்டும் அரைச் சுற்று தளர்த்திக்கொள்ளுங்கள்.

டியூப் டயர் பெரும்பாலும் இரண்டு பாதியாகப் பிரியும் ரிம்மில் வரும். டயர் லீவர் வேண்டாம், ஸ்பேனர் போதும். தனியாளாகச் செய்ய இதைவிட எளிது இல்லை. ஆபத்தும் இதில்தான். சக்கரத்தை டிரம்மோடு பிடிக்கும் நட்டு வேறு, ரிம்மின் இரு பாதியையும் சேர்க்கும் நட்டு வேறு. காற்று இருக்கும்போது இரண்டாவதைக் கழற்றினால் ரிம் வெடித்துப் பிரிந்து முகத்தில் அடிக்கும். வால்வு பின்னையே கழற்றி, டயரை மிதித்துப் பார்த்து, காற்று முழுக்க இறங்கியபின் தொடுங்கள்.

மாட்டும்போது டியூபுக்குக் கொஞ்சம் காற்று கொடுத்து உருண்டையாக்கி, பவுடர் தடவி வையுங்கள். தட்டையாக வைத்தால் ரிம் பாதிகளுக்கு இடையே டியூப் மாட்டி நசுங்கும். புது டியூப் மறுநாளே பஞ்சர் ஆவதற்குப் பல நேரம் இதுதான் காரணம். இன்னொன்று, டயருக்குள் தங்கிவிட்ட முள். துணியால் உள்பக்கம் முழுக்கத் துடைத்தால் நூல் சிக்கும் இடத்தில் இருக்கும்.

டியூப்லெஸ்ஸின் பெரிய லாபம், ஆணி ஏறினாலும் காற்று மெதுவாக இறங்குவது. ஆணியைப் பிடுங்கி, ரம்பக் கம்பியால் ஓட்டையைச் சொரசொரப்பாக்கி, பசை தடவிய ரப்பர் திரியைச் செருகி, வெளியே நீட்டுவதை வெட்டினால் முடிந்தது. சக்கரத்தைக் கழற்றவே தேவையில்லை. ஆனால் திரி நடு டிரெட்டுக்கு, அதாவது தரையில் படும் நடுப்பகுதிக்கு மட்டும்தான். டிரெட் முடியும் ஓரமான தோள்பட்டையிலோ பக்கச் சுவரிலோ ஓட்டை என்றால் டயரை மாற்றுங்கள்; அந்த இடம் ஓடும்போது மடங்கி மடங்கித் திரியைத் துப்பிவிடும்.

டயரை ரிம்மிலிருந்து கழற்ற வேண்டி வந்தால் கதை மாறும். மறுபடி மாட்டி ஓரம் ரிம்மில் உட்கார ஒரே வீச்சில் நிறைய காற்று வேண்டும், கால் பம்பு பத்தாது, கம்ப்ரஸர் உள்ள கடைக்குத்தான் போகணும். ரிம் ஓரத்தில் துரு இருந்தாலும் கசியும். சோப்புத் தண்ணீர் ஊற்றினால் குமிழி காட்டிக்கொடுக்கும்.

நகரத்துக்குள் சவாரி ஓட்டுபவருக்கு டியூப்லெஸ்தான். கம்ப்ரஸர் இல்லாத கிராமத்துத் தடத்தில் டியூப்பே கைகொடுக்கும். ஆனால் பிரியும் ரிம்மில் டியூபை எடுத்துவிட்டு டியூப்லெஸ்ஸாக ஓட்டப் பார்க்காதீர்கள், சேரும் இடுக்கு வழியே காற்று போய்விடும்.

எதை எடுத்தாலும் பின்னால் இரண்டுக்கும் ஒரே அளவு, ஒரே தேய்மானம், ஒரே காற்று இருக்கட்டும். ஒரு பக்கம் புதுசு, மறுபக்கம் மொட்டை என்றால் நேர் ரோட்டிலும் டிஃபரென்ஷியல் பல்சக்கரங்கள் ஓயாமல் உரசித் தேயும்.